மீன் வாங்கும் முன் தொட்டியைப் பழக்குங்கள்

வண்ணமீன் வளர்ப்பில் புதிதாக இறங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "தொட்டி புதுசு, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, தீவனத்திலும் குறை வைக்கவில்லை. ஆனாலும் பத்து நாளில் மீன்கள் வரிசையாகச் செத்து மிதக்கின்றன. இது என்ன நோய்?"

பெரும்பாலும் இது நோயே இல்லை. தொட்டி தயாராகும் முன்பே மீனை விட்டதுதான் காரணம். கடன் வாங்கி, கொளத்தூர் சந்தை வரை போய் மீன் வாங்கி வருகிற குடும்பத்துக்கு முதல் தவணை கட்டும் முன்பே முதலும் போய்விடுகிறது. நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்தால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

வயலில் நடப்பதுதான் தொட்டியிலும்

வயலில் போட்ட யூரியா முதலில் அமோனியாவாக மாறுகிறது. மண்ணில் உள்ள ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. தொட்டியிலும் இதே வேலைதான். மீனின் செவுள் வழியாக அமோனியா வெளியேறுகிறது. மிஞ்சிய தீவனமும் கழிவும் அழுகும்போதும் அமோனியா உண்டாகிறது. அமோனியா, நைட்ரைட் இரண்டுமே மீனுக்கு விஷம். நைட்ரேட் அந்த அளவுக்குக் கெடுதல் இல்லை. அவ்வப்போது தண்ணீர் மாற்றினால் குறைந்துவிடும்.

பழைய தொட்டியில் இந்த பாக்டீரியா நிறைந்திருக்கும். புதுத் தொட்டியில் இருக்காது. இவை மெதுவாகப் பெருகுபவை. தண்ணீரில் மிதப்பதைவிட, வடிகட்டிப் பஞ்சு, சரளைக்கல், தொட்டிச் சுவர் ஆகியவற்றில்தான் அதிகம் ஒட்டி வாழும். தண்ணீர் தெளிவாக இருப்பதை வைத்துத் தொட்டி தயார் என்று முடிவு செய்ய முடியாது.

சிமென்ட் தொட்டிக்கு முதல் வேலை

புதுச் சிமென்ட் தொட்டியில் சுண்ணாம்பு கசிந்து, தண்ணீரின் கார அமில நிலை (பி.எச்.) ஏறிவிடும். அமோனியாவின் விஷத்தன்மையும் அதோடு ஏறும். பி.எச். 7-லிருந்து 8-க்குப் போனாலே விஷமான பங்கு சுமார் பத்து மடங்காகிவிடும். அதனால் தண்ணீர் நிரப்பி, சில நாள் விட்டு, வடித்து, மீண்டும் நிரப்புங்கள். வாழைத்தண்டுத் துண்டுகளைப் போட்டு ஊறவைப்பதும் பலரிடம் உள்ள பழக்கம். பி.எச். 7 முதல் 8-க்குள் நிலைத்த பிறகே அடுத்த வேலை.

பழக்கும் முறை

1. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் திறந்த தொட்டியில் காற்றுக் குழாய் போட்டு வையுங்கள். குளோரின் பாக்டீரியாவையும் கொல்லும். ஆழ்துளைக் கிணற்று நீரில் உயிர்வளி குறைவாக இருக்கும். அதற்கும் காற்றூட்டம் தேவை.

2. பஞ்சு வடிகட்டியை இரவு பகலாக ஓடவிடுங்கள். இந்த பாக்டீரியாவுக்கு உயிர்வளி கட்டாயம் வேண்டும்.

3. மீன் இல்லாமலே தினமும் ஒரு சிட்டிகை தீவனம் போடுங்கள். அது அழுகி அமோனியா உண்டாகும். அதுதான் பாக்டீரியாவுக்கு உணவு.

4. நோயில்லாத பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சோ ஒரு கைப்பிடி சரளையோ கிடைத்தால், ஈரம் காயாமல் கொண்டுவந்து போடுங்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். காத்திருக்கும் நாள் குறையும்.

5. சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கி, இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள். முதலில் அமோனியா ஏறும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். பிறகு அதுவும் இறங்கி நைட்ரேட் தெரியும். தீவனம் தொடர்ந்து போட்டுவந்தும் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாகவே நின்றால் தொட்டி தயார்.

6. கால் பங்கு முதல் பாதி வரை தண்ணீரை மாற்றிவிட்டு, திட்டமிட்ட எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு மீனை மட்டும் முதலில் விடுங்கள். கப்பி, மோலி போன்றவை தொடக்கக்காரர்களுக்கு ஏற்றவை. ஒரு வாரம் சோதித்துப் பார்த்து மீதியை விடலாம்.

வாசகர் கேள்விகள்

*அமோனியாதானே வேண்டும், வீட்டில் உள்ள யூரியாவைப் போடலாமா?*

வேண்டாம். இப்போது கிடைக்கும் யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருக்கிறது. மண்ணில் இதே பாக்டீரியாவின் வேகத்தைக் குறைக்கத்தான் அந்தப் பூச்சு. தொட்டியில் நாம் வளர்க்க நினைப்பதையே அது தடுக்கும். வேப்பெண்ணெய் மீனுக்கும் ஆகாது.

*மீனை ஏற்கெனவே விட்டுவிட்டேன். மேலே வந்து வாய் பிளக்கின்றன. என்ன செய்வது?*

தீவனத்தை உடனே நிறுத்துங்கள். குளோரின் போன தண்ணீரால் தினமும் கால் பங்கு மாற்றுங்கள். காற்றூட்டத்தைக் கூட்டுங்கள். சோதனையில் நைட்ரைட் தெரிந்தால் லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பைத் தனியே கரைத்துச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும்.

*வடிகட்டிப் பஞ்சை எப்படிக் கழுவுவது?*

குழாயடியில் கழுவாதீர்கள். தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து, அதில் மெல்லப் பிழிந்துவிட்டு மீண்டும் மாட்டுங்கள். பஞ்சு பழுப்பாக இருந்தால் கவலை வேண்டாம். வெள்ளை வெளேரென்று கழுவினால், ஆறு வாரம் வளர்த்த பாக்டீரியாவும் சாக்கடைக்குப் போய்விடும்.