1899-இன் துப்பாக்கிச் சண்டை: ஒரு வீடியோ கேமின் ஆயுதக் கணக்கு

வீடியோ கேம் துறையில் ‘திறந்த உலகம்’ என்று வழங்கப்படும் வகை, ஆடுபவரை ஒரே பாதையில் கட்டம் கட்டமாக நகர்த்தாமல், பரந்த நிலப்பரப்பொன்றில் இறக்கிவிட்டு, விரும்பிய திசையில் செல்லவும் விரும்பிய வேலையை மேற்கொள்ளவும் அவரிடமே விட்டுவிடுவதாகும். இவ்வகையில் துப்பாக்கிச் சண்டையை மையமாகக் கொண்டவை ஏராளம். ஆனால் அவற்றுள் பலவற்றில் ஆயுதங்கள் ஏணிப்படிகளைப் போல அடுக்கப்பட்டிருப்பதால், மேற்படியில் உள்ளது கைக்கு வந்ததும் கீழ்ப்படியில் இருந்தது பயனற்றுப் போய்விடுகிறது. ராக்ஸ்டார் கேம்ஸ் நிறுவனம் 2018 அக்டோபர் 26 அன்று வெளியிட்ட ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ இவ்வழக்கத்திலிருந்து பெரிதும் விலகி நிற்கிறது. எந்தத் துப்பாக்கி வலியது என்ற கேள்வியைக் காட்டிலும், எந்தத் துப்பாக்கிக்கு எவ்வளவு நேரத்தைச் செலவிட முடியும் என்ற கேள்வியே அதில் சண்டையின் போக்கைத் தீர்மானிக்கிறது.

கதை நிகழும் ஆண்டு 1899. களம், அமெரிக்காவின் தெற்கையும் மேற்கையும் ஒத்த கற்பனை மாநிலங்கள். ஆடுபவர் இயக்கும் ஆர்தர் மோர்கன், டச் வான் டெர் லிண்ட் என்பவரின் தலைமையில் இயங்கும் கொள்ளைக் கூட்டமொன்றின் முக்கிய உறுப்பினர். இவ்வாண்டைத் தேர்ந்ததில் ஆயுத வரலாறு சார்ந்த நயமும் உண்டு. 1873-இல் வந்த கோல்ட் ரிவால்வரும் அதே ஆண்டின் வின்செஸ்டர் துப்பாக்கியும் அப்போது முதுமை எய்தியிருந்தன; 1896-ஆம் ஆண்டு மாதிரியான ஜெர்மானிய மவுசர் தானியங்கிக் கைத்துப்பாக்கி அப்போதுதான் புழக்கத்திற்கு வந்திருந்தது; அடர்ந்த வெண்புகையைக் கக்கும் கறுப்பு வெடிமருந்தின் இடத்தைப் புகையற்ற வெடிமருந்து பிடித்துக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு கியூபாவின் சான் ஹுவான் குன்றுப் போரில், பழைய ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிகளை ஏந்திய அமெரிக்கத் தன்னார்வலர்களின் இருப்பிடத்தை அவர்கள் எழுப்பிய புகையே காட்டிக்கொடுத்தது. மவுசர் ரைபிள்களும் புகையற்ற மருந்தும் கொண்டிருந்த ஸ்பானியர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. இரு தலைமுறை ஆயுதங்கள் ஒரே கடையில் அருகருகே கிடைத்த காலமாதலால், ஒன்றை எடுத்து மற்றொன்றை விடுவதற்கு அங்கே உண்மையான காரணங்கள் இருந்தன. விளையாட்டு இவற்றுள் பலவற்றின் பெயரை மாற்றியிருக்கிறது: கோல்ட் ‘கேட்டில்மேன்’ ஆகவும் வின்செஸ்டர் ‘லங்காஸ்டர்’ ஆகவும் வருகின்றன.

விளையாட்டின் தனித்தன்மை விசையில் தொடங்குகிறது. பிற விளையாட்டுகளில் விசைப் பொத்தானை அழுத்த அழுத்தத் தோட்டா பாய்ந்துகொண்டே இருக்கும். இங்கோ பெரும்பாலான துப்பாக்கிகளில் முதல் அழுத்தத்தில் தோட்டா பாய, மறு அழுத்தத்தில்தான் ரிவால்வரின் சுத்தியல் பின்னிழுக்கப்படுகிறது, அல்லது நீள்துப்பாக்கியின் நெம்புகோல் இயக்கப்பட்டு அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறுகிறது. ஒரு நொடிக்கும் குறைவான இந்த இடைவெளி, குறி தவறியவருக்கு மிக நீண்ட நேரமாகிவிடுவதால், கண்மூடித்தனமாகச் சுட்டுத்தள்ளும் பழக்கம் இங்கே விரைவில் மறைந்துபோகிறது.

கைத்துப்பாக்கித் தேர்வில் இக்கணக்கு தெளிவாகப் புலப்படும். தொடக்கத்திலேயே கிடைக்கும் கேட்டில்மேன் ரிவால்வரில் ஆறு தோட்டாக்களைப் பக்கவாட்டுத் திறப்பின் வழியே ஒவ்வொன்றாக நுழைக்க வேண்டும். ஸ்கோஃபீல்டு ரிவால்வரோ நடுவில் மடங்கித் திறந்து, சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கூடுகளை ஒரே வீச்சில் வெளித்தள்ளுவது. குதிரைமேல் இருந்தபடியே தோட்டா நிரப்ப இவ்வமைப்பு உதவும் என்பதாலேயே 1870-களில் அமெரிக்கக் குதிரைப்படை அதனை ஏற்றது. மவுசரில் பத்துத் தோட்டாக்கள் உண்டு. அவை வேகமாகப் பாயுமாயினும் ஒவ்வொன்றின் தாக்கமும் குறைவு. இவற்றினின்று வேறுபட்ட வோல்கானிக் கைத்துப்பாக்கி, மெதுவாக இயங்கினாலும் வன்மையாகத் தாக்குவதாக விளையாட்டில் அமைக்கப்பட்டுள்ளது. வரலாற்றில் நிலைமை நேர்மாறானது: 1850-களில் வெளிவந்த அசல் வோல்கானிக்கின் தோட்டாக்கள், தம் குழிவான அடிப்பகுதியில் அடைக்கப்பட்ட சிறிதளவு மருந்தையே நம்பியிருந்தமையால் வலுவற்றவையாக இருந்தன, அதைத் தயாரித்த நிறுவனமும் நீடிக்கவில்லை. தேர்வுகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டிருக்க வேண்டும் என்பதற்காக வரலாற்றை வளைத்த இந்த வேலையைக் குறையென்று சொல்வதற்கில்லை.

நீள்துப்பாக்கிகளில் தூரமே முதல் அளவுகோல். நெம்புகோலால் இயங்கி அடுத்தடுத்துச் சுடவல்ல ‘ரிப்பீட்டர்’ வகை, நடுத்தரத் தூரத்திற்குரியது. பதினான்கு தோட்டாக்கள் கொள்ளும் லங்காஸ்டர் இவ்வகையின் சமநிலையான மாதிரி. ஐந்து தோட்டாக்கள் கொண்ட போல்ட் ஆக்‌ஷன் ரைபிள், தாழ்ப்பாள் போன்ற உறுப்பைப் பின்னிழுத்து முன்தள்ளி இயக்கப்படுவது. அது நெடுந்தூரத்தில் ஒரே குண்டில் ஆளை வீழ்த்தும் ஆற்றலை அளித்து, பதிலாக வேகத்தை எடுத்துக்கொள்கிறது. சிறு ஈயக்குண்டுகளைச் சிதறச் செய்யும் ஷாட்கன், வீடு, ரயில் பெட்டி போன்ற குறுகிய இடங்களில் ஈடிணையற்றதாயினும் வெட்டவெளியில் வெறும் சத்தமாகவே முடியும். ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஒரு ரிப்பீட்டரையோ ரைபிளையோ ஒரு ஷாட்கன்னுடன் இணைத்துத் தோளில் ஏற்றுகின்றனர். ஏனெனில் ஆர்தர் ஒரே நேரத்தில் சுமக்கக்கூடியவை இரண்டு நீள்துப்பாக்கிகள் மட்டுமே.

எஞ்சியவை குதிரையின் சேணத்தில் இருக்கும் என்பது இவ்விளையாட்டின் மிகக் கூரிய விதி. குதிரையிலிருந்து இறங்குமுன் வேண்டிய ஆயுதங்களைத் தோளில் மாட்டிக்கொள்ள மறந்தவர், மலைச்சரிவின் மறுபக்கத்தில் கூலிப்படையினரின் நடுவே கைத்துப்பாக்கியோடு மட்டும் நிற்க நேரிடும். புதியவர்களைப் பெரிதும் எரிச்சலூட்டுவதும் இவ்விதியே. ஆனால் இது இல்லாவிடில், சண்டைக்கு முன்பே சண்டையைத் திட்டமிட வேண்டிய தேவை அறவே இல்லாமல் போயிருக்கும். ஆயுதப் பராமரிப்பும் இதே எண்ணத்தின் தொடர்ச்சி: சேற்றிலும் நீரிலும் புரண்ட துப்பாக்கி அழுக்கேறித் தாக்கும் திறனை இழக்க, துப்பாக்கி எண்ணெய் கொண்டு அதை அவ்வப்போது துடைக்க வேண்டியிருக்கிறது.

நேரத்தைக் கையாளும் இக்கலையின் உச்சம் ‘டெட் ஐ’ எனப்படும் திறன். இதைத் தூண்டியதும் சுற்றியுள்ள உலகம் மெதுவாக நகர, ஆடுபவர் பல எதிரிகளின் உடலில் வரிசையாகக் குறிகளை இட்டு, பின்னர் அத்தனை குறிகளிலும் இமைப்பொழுதில் சுட்டு முடிக்கிறார். 2004-இல் வெளிவந்த ‘ரெட் டெட் ரிவால்வர்’ முதலே இத்தொடரின் அடையாளமாக இருந்துவரும் இத்திறன், கதை வளர வளர மேலும் நுட்பமடைந்து, இறுதி நிலைகளில் எதிரியின் உயிர்நிலைகளையும் ஒளிரச் செய்து காட்டுகிறது. இதற்கெனத் தனி இருப்பு ஒன்று உண்டு. அது தீர்ந்தால் மெல்லும் புகையிலை, மருந்துக் குப்பிகள் போன்றவற்றால் நிரப்ப வேண்டும். இந்நிலையில் கூட, துப்பாக்கி கொள்ளும் தோட்டாக்களின் எண்ணிக்கைக்குமேல் சுட முடியாது என்பதால், ஒற்றைத் தோட்டா கொள்ளும் வலிய ரைபிளைவிட ஆறு தோட்டாக்கள் கொண்ட எளிய ரிவால்வரே பலர் எதிர்ப்படும் வேளையில் மேலானது.

தந்திரம் என்ற அளவில் விளையாட்டு வேண்டுவது அதிகமில்லை. பாறை, மரம், வண்டி ஆகியவற்றின் மறைவில் ஒதுங்குதல், எதிரிகள் பக்கவாட்டில் சுற்றிவருமுன் இடம் மாறுதல், உயரமான நிலத்தைக் கைப்பற்றுதல், துரத்தி வருவோரைக் குறுகிய வழியில் நுழையவிட்டு எதிர்கொள்ளுதல் ஆகியவையே போதும். உண்மையான மேற்கத்தியச் சண்டைகள் பலவும் விளையாட்டில் வருபவை போல நெடியனவாக இருந்ததில்லை. 1881 அக்டோபர் 26 அன்று அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகரில், ஓ.கே. கொரால் என்னும் குதிரைக்கொட்டிலின் அருகே நடந்த புகழ்பெற்ற மோதல், சில அடி இடைவெளியில் ஏறத்தாழ முப்பது நொடிகளில் மூவர் உயிரை வாங்கி முடிந்துபோனது. திரைப்படங்கள் பழக்கிய நேருக்கு நேர் நின்று சுடும் போட்டிக்கு, 1865-இல் வைல்டு பில் ஹிக்காக் என்பவர் டேவிஸ் டட் என்பவரைத் தெருவில் வீழ்த்தியது போன்ற மிகச் சில சான்றுகளே உள்ளன.

சத்தமும் ஓர் ஆயுதக் காரணி என்பதைப் பலர் பிந்தியே உணர்கின்றனர். குற்றத்தைக் கண்டவரோ வெடியோசையைக் கேட்டவரோ காவலரிடம் ஓடிச் சொல்லும் வகையில் இவ்வுலகம் அமைந்துள்ளதால், அதிலுள்ள செயிண்ட் டெனிஸ் போன்ற பெருநகரில் ஒரே ஒரு வெடியோசை தெருவையே எதிரியாக்கிவிடும். வில்லும் எறிகத்தியும் அவ்வாறு செய்வதில்லை. உயிருடன் பிடிக்க வேண்டிய குற்றவாளிக்குச் சுருக்குக் கயிறே தக்க ஆயுதம்.

இத்தனை நுட்பங்களையும் வடிவமைத்தவர்களே அவற்றைப் பல இடங்களில் வீணாக்கியும் இருக்கின்றனர். கதைப் பணிகளில் எங்கே நிற்க வேண்டும், எவருடன் செல்ல வேண்டும் என்பவை முன்பே வகுக்கப்பட்டு, சற்று விலகிச் சுற்றிச்சென்றாலும் பணி தோல்வியுற்றதாக அறிவிக்கப்படுகிறது. அப்பணிக்குரிய துப்பாக்கியையும் சில வேளைகளில் விளையாட்டே ஆர்தரின் தோளில் ஏற்றிவிடுகிறது. வரலாறு காணாத எண்ணிக்கையில் எதிரிகள் அலையலையாக வந்து மடியும் அக்காட்சிகளில், டெட் ஐ திறனும் மருந்துக் குப்பிகளும் கைவசம் உள்ளவருக்குத் திட்டமே தேவைப்படுவதில்லை. இவ்விளையாட்டின் சிறந்த துப்பாக்கிச் சண்டைகள், எந்தப் பணியும் இல்லாமல் அலையும்போது, எதிரிக் கூட்டத்தின் முகாமொன்று எதிர்பாராமல் கண்ணில் படும் தருணங்களிலேயே அமைகின்றன.

வட அமெரிக்காவில் 17 வயதுக்கும், ஐரோப்பாவில் 18 வயதுக்கும் மேற்பட்டோருக்கு மட்டும் என்று தரநிர்ணய அமைப்புகள் வகுத்த விளையாட்டு இது. குருதியும் கொடுமையும் இதில் மறைக்கப்படவில்லை என்பதை வீட்டில் சிறுவர் உள்ளோர் அறிந்திருக்க வேண்டும். புதிதாகத் தொடங்கும் பெரியவர்கள், கைக்காசு சேர்ந்ததும் விலையுயர்ந்த ரைபிளைத் தேடி ஓடாமல், ஒரு லங்காஸ்டர் ரிப்பீட்டரையும் அதைத் துடைக்கப் போதிய எண்ணெயையும் முதலில் வாங்கிக்கொள்வது நல்லது.