வெந்நீருக்கு வைத்த உலை, உயிருக்கு உலையாகலாமா?

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைக் குளிர் 15 டிகிரிக்கு இறங்கிவிடும். 1884 ஜனவரியில் 7.8 டிகிரி வரை போனது. வேலூர், தர்மபுரிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்களுக்கு இங்கே வெந்நீர் இல்லாமல் குளியல் இல்லை.

ஒரு காலத்தில் செம்பு அண்டாவின் அடியில் விறகு எரிந்தது. இன்று ஸ்ரீராமபுரத்து ஒற்றை அறை வாடகை வீட்டிலும் கீசர் தொங்குகிறது.

எத்தனை லிட்டர்?

நாலு பேர் உள்ள வீட்டுக்கு 15 லிட்டர் டாங்கி போதும். 60 டிகிரிச் சுடுநீரில் பச்சைத் தண்ணீர் கலந்தால் இரண்டு வாளி வரும். 2 ஆயிரம் வாட் கீசரில் காய்வதற்கு 20 நிமிடம் ஆகும். செலவு முக்கால் யூனிட்டுக்கும் குறைவு. தினம் இரண்டு முறை போட்டால் மாதம் 40 யூனிட். 2023-ல் கிருஹ ஜோதி திட்டம் வந்தபோது, 200 யூனிட்டைத் தாண்டினால் முழு பில்லும் கட்ட வேண்டும் என்று விதித்தார்கள். 40 யூனிட் சின்னக் கணக்கல்ல.

நாள் முழுக்க சுவிட்சைப் போட்டு வைத்தால் மிச்சம் என்பார்கள். தவறு! ஆறுகிற நீரைக் கீசர் திரும்பத் திரும்பக் காய்ச்சிக்கொண்டே இருக்கும்.

உப்பு செய்யும் வேலை

காவிரித் தண்ணீர் 1974-ல் நகருக்கு வந்தது. ஆனாலும் பல பேட்டைகளில் போர்வெல் தண்ணீர்தான். அதிலுள்ள சுண்ணாம்பு உப்பு காயிலின் மேல் ஓடாகப் படியும். தண்ணீர் சூடேற நேரமாகும். பிறகு காயில் எரிந்து போகும். டாங்கி துருப்பிடிக்காமல் காக்கும் மக்னீசியக் கம்பியும் கரைந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை மெக்கானிக்கைக் கூப்பிடுவது நல்லது. கூலிக்குப் பயந்தவர்கள் டாங்கியையே மாற்றியிருக்கிறார்கள்.

காயும்போது வால்விலிருந்து சொட்டுவது பழுதல்ல. சூட்டில் நீர் விரிவதால் அப்படி. அதை அடைத்து வைத்தால் டாங்கி வெடிக்கலாம்.

கேஸ் கீசர்

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து இதுதான். சின்னக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேஸ் கீசரை எரியவிட்டால் காற்று குறையும். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலை வலிக்கும், கால் துவளும். கதவைத் திறக்கவும் முடியாது. பெங்களூரிலேயே இப்படிப் பல உயிர்கள் போயிருக்கின்றன.

கேஸ் கீசர் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும். குழாய் மட்டும் உள்ளே வரலாம். வீட்டுக்காரர் உள்ளேயே மாட்டி வைத்திருந்தால்? அட்வான்ஸ் கொடுக்குமுன் வெளியே மாற்றித் தரச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே குடியிருப்பவர்கள், அது மாறும் வரை அடுப்பில் காய்ச்சிக் குளிக்கலாம். சிரமம்தான்.

உள்ளே போனவர் கூப்பிட்டும் பதில் தராவிட்டால் கதவை உடைத்தாவது திறந்து, கேஸை நிறுத்தி, அவரை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு 108-க்குப் போன் செய்ய வேண்டும்.