புல்லட் வைத்தியம்

திருவொற்றியூர் என்றதும் நேயர்களுக்குத் தியாகராஜ ஸ்வாமியும் வடிவுடையம்மனும் நினைவுக்கு வருவார்கள். யந்திரப் பித்துக் கொண்டவர்களுக்கோ புல்லட் மோட்டார் சைக்கிள்தான் நினைவுக்கு வரும். 1955-ஆம் ஆண்டு என்பீல்டு இந்தியா ஸ்தாபனம் அதை உருவாக்க முற்பட்டது இங்கேதான். அதற்கு முன்பே, 1948-ல் ரகுநந்தன் சரண் நிறுவிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டத் தொடங்கியிருந்தது. முதலில் சீமையிலிருந்து பாகங்கள் வந்தன. பின்னர் அவற்றையும் நாமே செய்யக் கற்றுக்கொண்டோம்.

செய்தது ஸ்தாபனங்கள். ஓட வைத்தவர்கள் தெருவோரப் பட்டறைக்காரர்கள். அவர்களுடைய வித்தை வெறும் ஸ்பானர் திருகுவது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம்.

பழைய புல்லட்டை உதைத்துக் கிளப்புவதையே பாருங்கள். கிக்கரை மெதுவாக அமுக்க வேண்டும். அம்மீட்டரின் முள் நடுவுக்குத் திரும்பினால் பாயிண்ட் திறந்துவிட்டது என்று பொருள். உடனே டீகம்ப்ரஸரைப் பிடித்துப் பிஸ்டனை உச்சிக்குச் சற்றே அப்பால் நகர்த்திவிட்டு, பிறகு முழு பலத்துடன் உதைக்க வேண்டும். அவசரக்காரரைத் திருப்பி உதைப்பதும் உண்டு!

பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். டாப்பெட்டுக்கோ அளவுகோலே வேண்டாம். என்ஜின் ஆறியிருக்க வேண்டும். பிஸ்டன் அழுத்தவீச்சின் உச்சியில் நிற்க வேண்டும். அப்போது தள்ளுகம்பி விரலுக்குச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. இறுகினால் வால்வு முழுதும் மூடாமல் கருகும். தளர்ந்தால் கடகடவென்று சப்தம் போடும். இந்தப் பதம் புஸ்தகத்தில் அச்சாகியிருக்கிறது; ஆனால் விரலுக்கு வர வருஷங்கள் ஆகும்.

2020 ஏப்ரல் முதல் பாரத் ஆறாம் நிலை விதி வந்தது. புது புல்லட்டில் கார்புரேட்டருக்கு வேலையில்லை. பெட்ரோலை மின்னணுக் கருவியே அளந்து தெளிக்கிறது. பழைய வித்தை தீர்ந்துபோயிற்று என்றே நாமும் நினைத்தோம்.

நம் வண்டி ஓடும்போதே அணைந்து போகத் தொடங்கியது. ஒரு பட்டறையில் சோதனைக் கருவியை மாட்டி, அது காட்டிய எண்ணைப் பார்த்து, ஓர் உணர்கருவியை மாற்றிக் கணிசமாகப் பணம் வாங்கினார்கள். மறுவாரமே வண்டி மறுபடியும் நடுத்தெருவில் நின்றது.

திருவொற்றியூர்ப் பட்டறையொன்றில் வயதான மெக்கானிக்கும் அதே எண்ணைத்தான் பார்த்தார். "எந்த வழியில் கோளாறு என்று இது சொல்லும். ஏன் என்று சொல்லாது, ஸார்" என்றார். மல்டிமீட்டரால் ஒயரைத் தொட்டுத் தொட்டுச் சென்று ஒரு ஸாக்கெட்டைக் கழற்றினார். உள்ளே பச்சைக் களிம்பு. கடற்காற்றின் உப்பு செய்த வேலை!

தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டு வருஷப் படிப்பு முடித்த பையன் ஒருவன் அவரிடம் கையாளாக இருக்கிறான். மின்சுற்றுப் படத்தை அவன்தான் அவருக்கு வாசித்துக் காட்டுகிறான். அன்று களிம்பைச் சுரண்டியவனும் அவனே. அவர் பக்கத்தில் குந்தியபடி, "பின்னை வளைக்காதேடா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.