குட்டை மூக்கும் கொளுத்தும் வெயிலும்

பிற்பகலில் திடலில் அரை மணி நேரம் ஓடி விளையாடினால் நம் சட்டை வியர்வையில் நனைந்துவிடும். அந்த வியர்வை ஆவியாகும்போது உடலின் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. ஒரு கிராம் வியர்வை தோலிலிருந்து ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் தேவைப்படுகிறது. அவ்வளவு வெப்பமும் நம் உடலைவிட்டு நீங்குகிறது.

நாய்களுக்கு இந்த வசதி இல்லை. அவற்றின் பாதங்களின் அடியில் மட்டும் சிறிதளவு வியர்க்கும். உடலைக் குளிர்விக்க அது போதாது. ஆகவேதான் நாய் வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 10 முதல் 30 முறை மூச்சு விடும் நாய், வெப்பம் மிகும்போது 300 முறைக்கும் மேல் மூச்சு விடக்கூடும். அப்போது நாக்கிலும் மூக்கினுள்ளும் இருக்கும் ஈரம் ஆவியாகி, அங்கே ஓடும் இரத்தம் குளிர்கிறது. இதில் மூக்கின் பங்கைப் பலர் அறிவதில்லை. நீண்ட மூக்குடைய நாயின் மூக்கினுள் சுருள் சுருளான மெல்லிய எலும்புகள் உள்ளன. அவற்றை ஈரமான சவ்வு மூடியிருக்கிறது. நீளமான பாயைச் சுருட்டினால் சிறிய மூலைக்குள் அடங்குவதைப் போல, பரந்த ஈரப்பரப்பு அந்த மூக்கினுள் அடங்கியிருக்கிறது.

பக், பிரெஞ்சு புல்டாக், பெக்கிங்கீஸ், ஷி சூ போன்ற தட்டை முக நாய்களின் நிலை வேறு. அவற்றின் மண்டையோட்டின் முன்பகுதி குட்டையாகிவிட்டது. ஆனால், அதனுள் இருக்கும் தசைகளும் சவ்வுகளும் அதே அளவுக்குச் சிறுத்துவிடவில்லை. பெரிய மெத்தையைச் சிறிய பெட்டிக்குள் திணித்ததுபோல் அவை நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன. சில நாய்களின் மூக்குத் துவாரங்கள் வெறும் கீறல்களாகவே இருக்கும். அண்ணத்தின் பின்பகுதி நீண்டு தொங்கி, மூச்சுக்குழாயின் வாயை அடைக்கும். இத்தனை தடைகளையும் தாண்டிக் காற்றை இழுக்க நெஞ்சுத் தசைகள் கடுமையாக உழைக்கவேண்டும். உழைக்கும் தசை வெப்பத்தை உண்டாக்கும் அல்லவா? உடலைக் குளிர்விப்பதற்காக இரைக்கும் நாய், இரைப்பதாலேயே மேலும் சூடாகிறது. வேகமாக இழுக்கும் காற்றால் தொண்டைச் சதையும் வீங்கத் தொடங்கும். வழி இன்னும் குறுகும். நாய் இன்னும் பலமாக இரைக்கும்.

இந்த முகம் இயற்கையாக அமைந்ததன்று. ஆங்கிலேய ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1745இல் தம்மையும் தம் பக் நாயையும் சேர்த்து வரைந்த ஓவியம் இன்றும் இருக்கிறது. அந்த நாய்க்கு இன்றைய பக் நாயைவிட நீண்ட மூக்கு இருப்பதை ஓவியத்தில் காணலாம். அதற்குப் பின்வந்த தலைமுறைகளில், முகம் தட்டையான நாய்களையே தேர்ந்தெடுத்து மனிதர்கள் இனப்பெருக்கம் செய்தார்கள். பெரிய கண்களும் உருண்டை முகமும் கைக்குழந்தையை நினைவூட்டுவதால் நம் மனம் அதில் மயங்குகிறது. நெதர்லாந்து, மூக்கு மிகக் குட்டையான நாய்களை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்துவதற்கு எதிரான விதிகளை 2019இல் கடுமையாக்கியது. பக் நாய் விடும் குறட்டையைக் காணொளியாக்கிப் பகிர்ந்து சிரிப்பவர்கள் நம்மிடையே உண்டு. அது காற்று போக வழி தேடித் திணறும் ஒலி என்பதை அறிந்தால் சிரிப்பு வராது.

வீவக வீடுகளில் வளர்க்க அனுமதிக்கப்பட்ட சிறிய நாய் இனங்களுள் பக், ஷி சூ, பெக்கிங்கீஸ் ஆகியவையும் அடங்கும். அதனால், உங்கள் புளோக்கிலேயே அவற்றைப் பார்த்திருப்பீர்கள். சிங்கப்பூரில் பகல்நேர வெப்பநிலை பெரும்பாலும் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை செல்கிறது. அதைவிடப் பெரிய தொல்லை காற்றின் ஈரப்பதம். அதன் ஆண்டுச் சராசரி 80 விழுக்காட்டுக்கும் மேல். மழை நாள்களில் மூங்கிற்கழியில் போட்ட துணி மாலைவரை காயாமல் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். நாயின் நாக்கில் உள்ள ஈரமும் அத்தகைய நாளில் அப்படித்தான் ஆவியாகாமல் தங்கிவிடும். "இன்றைக்கு வெயிலே இல்லையே" என்று எண்ணி, மேகமூட்டமும் புழுக்கமும் நிறைந்த நாளில் நாயை நெடுந்தூரம் நடத்திச் செல்வது ஆபத்தானது. மின்விசிறியும் நமக்கு உதவும் அளவுக்கு நாய்க்கு உதவாது. காற்றுப் பட்டு ஆவியாவதற்கு அதன் உடம்பில் வியர்வை இல்லை. வயிற்றையும் பாதங்களையும் நன்றாக ஈரமாக்கிவிட்டு மின்விசிறியைப் போட்டால் பலன் உண்டு. குளிரூட்டி இருந்தால் இன்னும் நல்லது.

வளர்ந்த நாய் களைத்துவிட்டால் நிழலைத் தேடிப் படுத்துக்கொள்ளும். குட்டிக்கு அந்த விவரம் போதாது. நீங்கள் பந்தை வீசினால் மூச்சுத் திணறியபடியே அதன் பின்னால் ஓடும். ஆகவே, ஆட்டத்தை எப்போது நிறுத்துவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும். இரைப்பு சற்றே உரத்துக் கேட்டாலும் அன்றைய ஆட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள். நடக்க அழைத்துச் செல்வதற்குச் சூரியன் உதிக்கும் வேளையே ஏற்றது. மாலையில் சூரியன் மறைந்த பின்னரும் நடைபாதை வெப்பத்தை விடாமல் வைத்திருக்கும். உங்கள் புறங்கையை ஏழு விநாடி தரையில் வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் குட்டியின் பாதமும் தாங்காது. கழுத்துப்பட்டை மூச்சுக்குழாயை அழுத்தும் என்பதால் மார்புப் பட்டையையே அணிவிக்கவேண்டும். கொஞ்சலுக்காகத் தின்பண்டங்களைக் கொடுத்துக் கொழுக்க வைப்பதும் தவறு. கழுத்தில் சேரும் கொழுப்பு ஏற்கெனவே குறுகிய வழியை மேலும் நெருக்கும். காருக்குள் தனியாக விட்டுச் செல்வதைப் பற்றி எண்ணவே வேண்டாம். வெயிலில் நிற்கும் காரின் உட்புறம் பத்தே நிமிடத்தில் ஏறத்தாழ 10 டிகிரி சூடேறிவிடும். சன்னலைச் சிறிது திறந்து வைப்பதால் பெரிய மாற்றம் ஏற்படுவதில்லை.

நாயின் இயல்பான உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி வரை இருக்கும். அது 41 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதடையத் தொடங்கும். இரைப்பு கரகரப்பாக மாறுதல், எச்சில் கெட்டியாக வழிதல், நாக்கு கருஞ்சிவப்பாகவோ நீலமாகவோ மாறுதல், வாந்தி, தள்ளாட்டம் ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் காத்திருக்கக் கூடாது. உடனே குட்டியை நிழலுக்குக் கொண்டு சென்று, மூக்கிலும் வாயிலும் புகாதபடி உடல் முழுவதும் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறவேண்டும். ஈரத்துண்டால் போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள். சற்று நேரத்தில் துண்டு சூடாகி, வெப்பத்தை வெளியேற விடாமல் தடுக்கும். குட்டி தானாகக் குடித்தால் நீர் கொடுக்கலாம், வாயில் வலிந்து ஊற்றக் கூடாது. நீங்கள் உடலைக் குளிர்வித்துக்கொண்டிருக்கும்போதே வேறொருவர் கால்நடை மருந்தகத்துக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லட்டும்.

பல நேரங்களில் குட்டி எழுந்து நின்று வாலை ஆட்டத் தொடங்கிவிடும். அப்போதும் மருத்துவரிடம் கொண்டு செல்லத்தான் வேண்டும். சிறுநீரகப் பாதிப்பும் இரத்தம் உறைவதில் ஏற்படும் கோளாறும் சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் வெளியில் தெரியவரும்.