ஒன்பது போன், ஒரு பாய், ஒரு ‘டிங்’

டிவியை அணைத்தாயிற்று. ஃபேன் ஒன்றில் சுற்றுகிறது. கூடத்தில் விரித்த கோரைப்பாயில் ஒன்பது போன்கள் வரிசையாக மல்லாந்து படுத்திருக்கின்றன. அக்காவுடையது, மாமாவுடையது, என்னுடையது, எதிர்வீட்டுப் பாட்டியுடையது, கீழ்வீட்டுத் தம்பி பெரிய மனது பண்ணிக் கொடுத்த ஐபோன், இன்னும் அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கியவை. என் அக்கா மகள் லேப்டாப்பில் ஒரு பட்டனைத் தட்டுகிறாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாயையே பார்க்கிறோம்.

சத்தமே இல்லை.

“பாத்தியா சித்தி? மூணு நாளா இப்படித்தான். அனுப்பிட்டேன்னு சர்வர் சொல்லுது. போன் கம்முனு கிடக்குது.”

வியாசர்பாடி எம்.கே.பி. நகர், அடுக்கு வீட்டின் மூன்றாவது மாடி, இரவு எட்டரை மணி. என் மடியில் குறிப்பேடு. நாள் முழுக்க நம் காதில் விழும் அந்த ‘டிங்’ எந்தெந்தச் சந்து வழியாக நுழைந்து நம் போனுக்கு வருகிறது என்று ஒருநாளாவது எட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பது எனக்கு வெகுநாள் ஆசை. அது வராமல் போன இரவைவிட அதற்கு நல்ல நேரம் ஏது? கை பரபரக்கிறது.

விஷயம் இதுதான். இந்த ஊரில் கால்பந்து தெருவுக்குத் தெரு ஓடுகிற ரத்தம். சாயங்காலமானால் பிள்ளைகள் பயிற்சிக்கு ஓடுவார்கள். பலத்த மழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும், மைதானத்திலும் நிற்கும். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு பாதி தூரம் வந்து, முழங்கால் நனைந்து திரும்புவார்கள். வாட்ஸ்அப் குழு இருந்தது. காலை வணக்கப் படங்களுக்கு நடுவே முக்கியமான செய்தி மூழ்கிப்போனது. “இன்னைக்கு பிராக்டீஸ் இல்லை” என்ற மூன்று வார்த்தையைப் பெற்றோரின் போனில் மணியடித்துச் சேர்ப்பதற்கென்றே இவள் ஒரு சின்ன ஆப் செய்தாள். வீட்டில் சோதித்தபோது அத்தனை போனும் அடித்தது. பிளே ஸ்டோரிலும் ஆப் ஸ்டோரிலும் ஏற்றி, ஜனங்கள் இறக்கிக்கொண்ட மறுநாளே ஊமையாகிவிட்டது. “டெஸ்ட்ல ஓடுது, லைவ்ல படுத்துடுச்சு” என்பது இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் ஒருநாள் அழுதுகொண்டே சொல்லும் வாக்கியமாம்.

அவள் காகிதத்தில் வழியை வரைந்து காட்டினாள். நான் வாயைப் பிளந்தேன். இவளுடைய சர்வரிலிருந்து நேராக நம் போனுக்குச் செய்தி வருவதே கிடையாது! ஒவ்வொரு ஆப்பும் தன் சர்வரோடு தனித்தனியாகப் பேசிக்கொண்டே இருந்தால் பேட்டரி மதியத்துக்குள் செத்துவிடும். அதனால் ஆண்ட்ராய்டு போன் கூகுளோடு ஒரே ஒரு இணைப்பை மட்டும் இரவும் பகலும் திறந்து வைத்திருக்கிறது, ஐபோன் ஆப்பிளோடு. வங்கியோ, சாப்பாடு கொண்டுவரும் கம்பெனியோ, நம் கால்பந்துப் பயிற்சியோ, எல்லாருடைய ‘டிங்’கும் அந்த ஒற்றை இழையில்தான் வந்தாக வேண்டும். ஆப்பிள் இந்த ஏற்பாட்டை 2009இல் திறந்தது. கூகுள் 2010இல் ஒன்று, 2012இல் ஒன்று என்று மாற்றி, 2016இல் இப்போதுள்ள ஃபயர்பேஸ் பெயருக்கு வந்தது. கூகுளின் இழை வழக்கமாக 5228 என்ற எண்ணுள்ள வாசல் வழியாகப் போகிறது. ஆபீஸ் வைஃபையில் அந்த வாசலையும் அதற்கு மாற்றாக உள்ளவற்றையும் அடைத்துவிட்டால், நல்ல ஆப்பும் ஊமையாகிவிடும். அந்த வாசலுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘போர்ட்’. ஹார்பர் லாரி ஓட்டுகிறவர் வீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம்!

ஆமாம், மாமா டிரெய்லர் ஓட்டுகிறவர். அன்றைய துப்பறிதலின் முதல் முடிச்சு அவர் வாயால்தான் அவிழ்ந்தது.

“அனுப்பிட்டேன்னு சர்வர் சொல்லுதுன்னியே, அவன் இன்னா பதில் எழுதி அனுப்புறான்னு பாத்தியா?” என்றார் சுவரில் சாய்ந்தபடி. கேட்டில் ரசீது வாங்காமல் வண்டியை நகர்த்தாத மனிதரின் கேள்வி அது. அவள் சட்டென்று நிமிர்ந்தாள். அவள் எழுதிய புரோகிராம் கோடு செய்தியை அனுப்புவதோடு சரி. ஆப்பிளும் கூகுளும் திருப்பித் தரும் பதிலை எங்கேயும் எழுதி வைக்கவில்லை! இரண்டு வரி சேர்த்தாள். மறுபடி தட்டினாள். கறுப்புத் திரையில் ஆப்பிளின் பதில் வந்து விழுந்தது: 400, ‘பேட் டிவைஸ் டோக்கன்’.

டோக்கன் என்பது போனில் உள்ள ஓர் ஆப்புக்கு ஆப்பிளோ கூகுளோ கொடுக்கும் நீளமான முகவரிச் சீட்டு. போன் நம்பர் அல்ல, பெயரும் அல்ல. ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினால் பழைய சீட்டு செல்லாது. செல்லாத சீட்டுக்கு அனுப்பினால் ஆப்பிள் 410 என்று பதில் சொல்லும், கூகுள் 404 சொல்லும். அதைப் பார்த்துப் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும். ஆனால் இங்கே வந்தது 400. சீட்டு புத்தம் புதிது, ஆனாலும் தப்பு என்கிறான். எப்படி?

ஆப்பிளிடம் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. செய்து பார்ப்பதற்கென்று ‘சாண்ட்பாக்ஸ்’, நிஜத்துக்கென்று ‘ப்ரொடக்‌ஷன்’. கணினியில் கேபிள் போட்டு ஏற்றிய ஆப்புக்குச் சாண்ட்பாக்ஸ் சீட்டு கிடைக்கும். ஆப் ஸ்டோரிலிருந்து வந்ததற்கு ப்ரொடக்‌ஷன் சீட்டு. சர்வரோ இன்னும் சாண்ட்பாக்ஸ் விலாசத்துக்கே எல்லாவற்றையும் அனுப்பிக்கொண்டிருக்கிறது. இதை அவள் விளக்கி முடிப்பதற்குள் மாமா சிரித்துவிட்டார்.

“எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்குப் போட்ட பாஸை எடுத்துனு வந்து நம்ம சென்னை ஹார்பர் சீரோ கேட்ல நின்னா உள்ள வுடுவானா? பாஸும் நல்ல பாஸு, கேட்டும் நல்ல கேட்டு. ஊரு மாறிப்போச்சும்மா!”

இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொல்லியிருக்காது. பாஸ் அசல், வாசல் அசல், இரண்டும் ஒன்றுக்கொன்று சொந்தமில்லை. விலாசத்திலிருந்து ஒரே ஒரு சொல்லை அவள் நீக்கினாள். தட்டினாள்.

டிங். டிங்.

பாயில் கிடந்த இரண்டு ஐபோன்களும் ஒரே நேரத்தில் வெளிச்சமாயின! பாட்டி கை தட்டினார். நான் எழுந்து ஒரு சுற்று ஆடிவிட்டு உட்கார்ந்தேன்.

ஆண்ட்ராய்டு ஏழும் இன்னும் மௌனம். இதில்தான் எனக்குப் பிடித்த மர்மம். கூகுள் ‘சரி’ என்றே பதில் சொல்கிறது. அந்தச் ‘சரி’க்கு ‘வாங்கிக்கொண்டேன்’ என்றுதான் பொருள், ‘சேர்த்துவிட்டேன்’ என்றல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் இவள் இரண்டு ராத்திரி தூக்கம் கெட்டிருக்கிறாள். ஒரு போனில் கேபிளைச் செருகிப் பார்த்தால், செய்தி போன் வரைக்கும் வந்தே விட்டது! ஆப்புக்குள் நுழைந்த பிறகு காணாமல் போகிறது. வாசற்படி தாண்டி, கூடத்துக்கு வருவதற்குள் மாயம்.

கடைக்கு அனுப்பும் ஆப்பைச் சின்னதாக்குவதற்கு ஒரு கருவி உண்டு. தேவையில்லாததை வெட்டும், நீளமான பெயர்களைச் சுருக்கி ஒற்றை எழுத்தாக்கும். வீட்டுச் சோதனையில் அந்தக் கருவி ஓடுவதில்லை. கடைக்குப் போகும்போதுதான் ஓடுகிறது. இவள் சர்வரிலிருந்து ‘தலைப்பு’ என்ற பெயரில் ஒரு தகவலை அனுப்புகிறாள். ஆப்பிலோ ‘தலைப்பு’ என்ற அறையின் பெயர்ப்பலகையை அந்தக் கருவி ‘அ’ என்று மாற்றி மாட்டிவிட்டது. செய்தி வருகிறது, ‘தலைப்பு’ அறையைத் தேடுகிறது, காணோம் என்று வெறுங்கையோடு நிற்கிறது, தலைப்பில்லாத செய்தியைக் காட்டாதே என்று இவளே எழுதிய வரி அதைத் தூக்கிப் போடுகிறது. தவறு செய்தவர் என்று யாரையும் காட்ட முடியாது. கருவி தன் வேலையைச் செய்தது, கோடு தன் வேலையைச் செய்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளையின் கால் நனைந்தது.

பெயரைத் தொடாதே என்று கருவிக்கு ஒரு விதி எழுதினால் தீரும். ஆனால் புது ஆப்பைக் கடையில் ஏற்றி, அவர்கள் பார்த்து, ஜனங்கள் அப்டேட் செய்து... எத்தனை நாளோ. வானமோ கறுத்துக் கிடக்கிறது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் யோசித்தாள். பிறகு ஒரு மின்னல். கூகுளுக்கு அனுப்பும் செய்தியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆப் தானே பிரித்துப் படித்துக் காட்ட வேண்டிய பொட்டலம். இன்னொன்று, ஆப் மூடியிருக்கும்போது அவள் எழுதிய கோட்டை எழுப்பாமலே ஃபயர்பேஸ் பகுதி நேரடியாகத் திரையில் காட்டிவிடும் ரகம். முதல் வகையிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றினால் பெயர்ப்பலகைப் பிரச்சினையே எழாது. அதை சர்வரில் மாற்றினால் போதும். ஜனங்களின் போனைத் தொடவே வேண்டாம்!

தட்டினாள். ஐந்து போன்கள் பாயில் துள்ளின. அதிர்வில் மாமாவுடையது பாயைவிட்டு நகர்ந்து தரைக்கே போய்விட்டது.

மிச்சம் இரண்டு. இவை ஆப்பின் குற்றமல்ல, மனிதர்களின் கதை. அக்காவின் போன் ஆண்ட்ராய்டு 13. 2022இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்து, அறிவிப்பு காட்டலாமா என்று ஆப் நம்மைக் கேட்டாக வேண்டும். ஏதோ கேட்கிறானே என்று பயந்து அக்கா ‘வேண்டாம்’ தட்டியிருக்கிறாள்; இரண்டாவது முறை கேட்டபோதும் அதே. இரண்டு தடவை மறுத்தால் போன் அதற்குமேல் கேட்கவே விடாது. பெற்ற மகள் செய்த ஆப்பை அம்மாவே வாயடைத்து வைத்திருந்ததைக் கண்டு இருவரும் கட்டிப்பிடித்துச் சிரித்ததை நான் இங்கே முழுதாக எழுத முடியாது. செட்டிங்ஸுக்குப் போய்த் திறந்துவிட்டார்கள். ஆப் முதல் திரையிலேயே பர்மிஷன் கேட்கக் கூடாது, எதற்கு என்று சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும் என்று அவள் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பாட்டியின் போன் கடைசி. பேட்டரி நிற்கட்டும் என்று பேரன் எல்லா ஆப்பையும் ‘ஃபோர்ஸ் ஸ்டாப்’ செய்து வைத்திருக்கிறான். அப்படி நிறுத்திய ஆப்பை யாராவது கையால் திறக்கும்வரை கூகுளின் செய்தி எதுவும் எழுப்பாது. சில கம்பெனிப் போன்களில் ஆப்பை மேலே தள்ளி மூடினாலே இதே கதிதான். ‘ஆட்டோஸ்டார்ட்’ என்ற இடத்தில் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். பாட்டி ஆப்பைத் தொட்டுத் திறந்தார். “இம்புட்டுதானா?” என்றார்.

இடையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2023 அக்டோபர் 20, வெள்ளிக்கிழமை. தமிழ்நாடு முழுக்கப் போன்கள் ஒரேயடியாக அலறினவே, நினைவிருக்கிறதா? பேரிடர் எச்சரிக்கைக்கான சோதனை அது. அதற்கு டோக்கன் கிடையாது, ஆப் கிடையாது, இன்டர்நெட்கூட வேண்டாம். கோபுரம் தன் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போனுக்கும் ஒரே மூச்சில் சொல்லிவிடும், கோயில் மணி மாதிரி. ஆறு வாரம் கழித்து மிக்ஜாம் புயல் வந்தது. இந்தப் பகுதியில் தண்ணீர் தேங்கி, கரண்ட் போய், பல இடங்களில் சிக்னலும் போனது. கோபுரம் படுத்தால் அந்த மணியும் கேட்காது, இந்த ‘டிங்’கும் கேட்காது. ஆனால் கோபுரம் நிற்கும் சாதாரண மழை நாட்கள்தான் வருஷத்தில் அதிகம். ஒரு மைதானத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்ல வேண்டிய செய்திக்குக் கோயில் மணியை அடிக்க முடியாது. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டும் ஏற்பாடுதான் வேண்டும்.

போகிற போக்கில் இன்னொன்றும் சரிசெய்தாள். போன் அணைந்திருந்தால் கூகுள் செய்தியைப் பத்திரமாக வைத்திருக்கும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் 4 வாரம் வரை. வியாழக்கிழமை ‘இன்னைக்கு பிராக்டீஸ் இல்லை’ என்று அனுப்பியது, சனிக்கிழமை போனைத் திறந்தவருக்கு வந்து சேர்ந்தால் சனிக்கிழமைப் பயிற்சியும் போச்சு! மூன்று மணி நேரத்துக்குப் பிறகு தூக்கிப் போட்டுவிடு என்று ஆயுசு குறித்தாள். ஆப்பிளுக்கு வருடா வருடம் புதுப்பிக்க வேண்டிய சான்றிதழுக்குப் பதிலாகக் காலாவதியாகாத சாவியை முன்பே வாங்கி வைத்திருந்தாள். சான்றிதழ் தேதி முடிந்த அன்று சத்தமில்லாமல் நின்றுபோன ஆப்கள் ஏராளமாம். பழைய வீடியோக்களைப் பார்த்து எழுதுகிறவர்கள் மாட்டிக்கொள்வது வேறொன்றில்: கூகுளின் பழைய அனுப்பும் முறை 2024இல் மூடப்பட்டுவிட்டது.

மணி பத்தேகால். பாயில் ஒன்பதும் அடித்தாயிற்று. ஆனால் பாயில் இருப்பது ஒன்பது மட்டும்தானே. நிஜமான பட்டியல் வேறு.

“அனுப்பட்டுமா சித்தி? எல்லாருக்கும்?”

“இந்நேரத்துலயா?” என்றாள் அக்கா.

“நாளைக்கு மழை வந்தா நாலு மணிக்கு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்மா.”

‘சோதனைச் செய்தி. மன்னிக்கவும்’ என்று தட்டச்சு செய்தாள். விரல் நடுங்கியது. அழுத்தினாள்.

முதலில் பாய் அதிர்ந்தது. அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்று. கீழ்வீட்டில் ஒன்று. படிக்கட்டில் யாரோ ஏறி வருகிறவரின் சட்டைப் பையில் ஒன்று. எதிர் பிளாக்கில், திறந்த ஜன்னல்களில், ஒன்றன்பின் ஒன்றாக, டிங், டிங், டிங். நாங்கள் ஓடிப்போய் பால்கனியில் நின்றோம். இரண்டாவது மாடியில் விளக்கு எரிந்தது. ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டியபடி எட்டிப் பார்த்து, கையில் இருந்த போனை எங்களை நோக்கி உயர்த்திப் பிடித்தார்.

“பாப்பா! வந்துடுச்சும்மா!”