தாய் சுமக்கும் பாரத்தில் பிள்ளைக்கு எவ்வளவு?

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை, கன்னியாகுமரி மாவட்டத்தில் கொட்டாரத்துக்குத் தென்மேற்கே பழையாறு கடலில் கலக்கும் மணக்குடியில் பாலத்தையே பெயர்த்துப் போட்டது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தை உலுக்கியது. கடலுக்குப் போனவர்களுக்காக வீடுகள் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தன. இப்படிப்பட்ட நாட்களில் மாசமாக இருக்கும் பெண்ணிடம் பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள்: “பதறாத பிள்ளே, வயித்துல இருக்கதுக்கு ஆகாது.” இதில் எவ்வளவு உண்மை?

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இதை அளந்து பார்க்க ஒரு வாய்ப்பு வந்தது. 1998 ஜனவரியில் அங்கே உறைமழை கொட்டி மின்கம்பிகள் அறுந்தன. சுமார் 30 லட்சம் பேர் கடுங்குளிரில் மின்சாரமின்றித் தவித்தார்கள். சில வீடுகளில் ஒரு மாதத்துக்கும் மேலாக விளக்கு எரியவில்லை. உளவியலாளர் சூசன் கிங், அப்போது கருவுற்றிருந்த பெண்களையும் பின்னர் அவர்களுடைய பிள்ளைகளையும் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்.

வழக்கமான கவலைகளை ஆராய்வதில் ஒரு சிக்கல் உண்டு. வறுமை, பரம்பரை, தாயின் சுபாவம் எல்லாம் அவற்றோடு பின்னிக் கிடக்கும். புயல் ஆள் பார்த்து அடிப்பதில்லை. அதனால் கிங்கால் இரண்டு விஷயங்களைத் தனித்தனியே அளக்க முடிந்தது: எத்தனை நாள் இருட்டில் இருந்தார்கள் என்ற கஷ்டம் ஒன்று, அதற்காக எவ்வளவு மனம் கலங்கினார்கள் என்பது மற்றொன்று. கஷ்டம் அதிகம் பட்ட தாய்மாரின் பிள்ளைகள், இரண்டு வயதில் மொழித் திறனிலும் அறிவு வளர்ச்சியிலும் சராசரியாகச் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலரது ரத்தத்தைப் பதின்மூன்று வயதில் சோதித்தபோது, மரபணுக்களின் மேல் ஒட்டியிருந்த வேதிக் குறிகளில் வேறுபாடு தெரிந்தது. அதுவும் தாய் பட்ட கஷ்டத்தின் அளவோடுதான் பொருந்தியது, அவள் கலங்கிய அளவோடு அல்ல.

தாயின் பாரம் கருவைச் சேரும் வழிகளில் ஒன்று கார்டிசால் என்னும் ஹார்மோன். இது வில்லன் அல்ல. குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கு இது வேண்டும்; குறைமாதப் பிரசவம் நேரும் என்று தெரிந்தால் மருத்துவர்கள் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியும் இதே வகைதான். ஆனால் அளவும் காலமும் முக்கியம். தேரூர்க் குளத்து மடை வயலுக்கு வேண்டிய தண்ணீரை மட்டும் விடுவதுபோல, நஞ்சுக்கொடி தாயின் கார்டிசாலில் கொஞ்சத்தையே உள்ளே விடுகிறது. அங்குள்ள ஒரு நொதி, வரும் கார்டிசாலில் பெரும்பகுதியைச் செயலற்ற கார்டிசோனாக மாற்றிவிடும். கருவின் ரத்தத்தில் உள்ள கார்டிசால் தாயின் அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆகவே ஒரு நாள் அழுகையோ ஒரு சண்டையோ பிள்ளையைக் கெடுத்துவிடும் என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை. மாதக்கணக்கில் தொடரும் கடும் பதற்றம்தான் கவலைக்குரியது. அப்போது இந்த நொதி குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

பிறந்தபின் கதை மாறவும் செய்யும். மான்ட்ரியாலில் மைக்கேல் மீனி குழுவினர் எலிகளிடம் கண்டது வியப்பானது. குட்டிகளை அதிகம் நக்கி அரவணைக்கும் தாயிடம் வளர்ந்தவை, பெரிதானபின் எளிதில் மிரளவில்லை. அரவணைப்புக் குறைந்த தாய்க்குப் பிறந்த குட்டியை அரவணைக்கும் தாயிடம் விட்டபோது, வளர்த்தவளின் குணமே அதற்கு வாய்த்தது. மூளையில் மன அழுத்தத்தைத் தணிக்க உதவும் ஒரு மரபணுவின் மேலிருந்த குறியும் அதற்கேற்ப மாறியிருந்தது. மனிதக் குழந்தைகளின் வாழ்க்கை இதைவிடச் சிக்கலானது. ஆனாலும் தொடக்கத்தில் விழுந்த கோடே முடிவல்ல என்பதற்கு இது நல்ல சாட்சி.

தாய்க்குக் கிடைக்கும் துணைக்கும் சக்தி உண்டு. 2011இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பெருவெள்ளம் வந்தது. அப்போது கருவுற்றிருந்தவர்களில், கர்ப்ப காலம் முழுவதும் தனக்கென்று அறிந்த மகப்பேறு செவிலியரின் கவனிப்பில் இருந்த பெண்கள், பேறுக்குப் பின் வெள்ளத்தின் பாதிப்பிலிருந்து மனத்தளவில் கூடுதலாகக் காக்கப்பட்டார்கள். குழந்தைகளின் வளர்ச்சியிலும் அதன் பலன் தெரிந்தது.

நம் ஊரில் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. வீடு தேடி வரும் கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடி, சமுதாய வளைகாப்பு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி ஆகியவை தாயின் பாரத்தைக் குறைக்கத்தான். பணமும் சத்துணவும் எவ்வளவு அவசியமோ, “தூக்கம் வருதா, வீட்டில் யாரும் திட்டுறாங்களா?” என்ற கேள்வியும் அவ்வளவு அவசியம்.

“மனசை லேசா வச்சுக்கோ” என்று கர்ப்பிணிக்குப் புத்தி சொல்வது எளிது. பிள்ளைக்கு ஏதாவது என்றால் தாயைக் குற்றம் சொல்வது அதைவிட எளிது. அறிவியல் விரலை நீட்டுவது அவள் பக்கம் அல்ல, அவளைச் சுற்றியிருக்கும் நம் பக்கம். கடன்காரன் வாசலில் நிற்காமல், குடித்துவிட்டு யாரும் கத்தாமல், இரவில் அவள் நிம்மதியாகத் தூங்க வழிசெய்யுங்கள். பிள்ளைக்கு நீங்கள் கொடுக்கும் முதல் சீர் அதுதான்.