ஆம்புலன்சின் காதை அடைக்கும் சுழல் விளக்கு!

நள்ளிரவு. ஆம்புலன்ஸ் வண்டி ஒன்று பறந்து செல்கிறது. அதன் உச்சியில் நீல விளக்கு "பளிச், பளிச்" என்று மின்னுகிறது. எதிரே வரும் வண்டிகள் ஒதுங்கி வழி விடுகின்றன.

அப்போது கண்ட்ரோல் அறையில் இருந்து டிரைவரை வயர்லெஸ்சில் கூப்பிடுகிறார்கள். "அந்தத் தெரு அல்ல, அடுத்த தெரு!" என்று சொல்லப் பார்க்கிறார்கள்.

டிரைவருக்குக் கேட்கவே இல்லை!

வயர்லெஸ் கெட்டுப்போய்விட்டதா? இல்லை. டிரைவர் பேசினால் கண்ட்ரோல் அறையில் நன்றாகக் கேட்கிறது. அவர்கள் பேசுவதுதான் இவருக்குக் கேட்கவில்லை. உச்சி விளக்கை அணைத்தால், உடனே வயர்லெஸ் பேசத் தொடங்குகிறது!

இந்த ஆம்புலன்ஸ் கற்பனைதான். ஆனால் இதே தொல்லை கடலில் உண்மையாகவே நடந்து இருக்கிறது.

கப்பலுக்குக் கேட்கவில்லை

2018-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஒரு துறைமுகத்தில், மீட்பு நிலையத்தார் ஒரு கப்பலை வயர்லெஸ்சில் கூப்பிட்டார்கள். தொடர்பு கொள்ள முடியவில்லை. வேறு துறைமுகங்களில் வேறு கப்பல்களுக்கும் காது மந்தமாகி இருந்தது. அந்தக் கப்பல்களில் இருந்த எல்.இ.டி. விளக்குகளே காரணம் என்று தெரிந்தது!

ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, போலீஸ் வண்டி ஆகியவற்றின் உச்சியில் இப்போது இருப்பதும் பெரும்பாலும் எல்.இ.டி. விளக்குதான். வெளிச்சம் கொடுக்கும் விளக்கு, வயர்லெஸ்சை எப்படிக் கெடுக்கும்?

குழாயைத் திறந்து மூடுவது போல

பழைய சுழல் விளக்கில் ஒரு பல்பு இருக்கும். அதைச் சுற்றி ஒரு கண்ணாடி சுழலும். கண்ணாடியைச் சுற்ற ஒரு சின்ன மோட்டார். பல்பு பேட்டரியில் இருந்து நேராக மின்சாரம் எடுக்கும். மோட்டார் சற்று இரைச்சல் போடும். அவ்வளவுதான்.

எல்.இ.டி. அப்படி அல்ல. அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்க வேண்டும். கார் பேட்டரியை 12 வோல்ட் என்கிறோம். என்ஜின் ஓடும்போது அது 14 வோல்ட் வரை போகும். அப்படியே கொடுத்தால் எல்.இ.டி. கருகிவிடும். எனவே விளக்கின் உள்ளே ஒரு சிறு கருவி வைத்து இருக்கிறார்கள். அது மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்புகிறது. நொடிக்குப் பல லட்சம் தடவை!

தண்ணீர்க் குழாயைச் சட்டென்று மூடினால் குழாய் "தடக்" என்று அதிரும் அல்லவா? மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தும்போதும் அப்படித்தான். அந்த அதிர்ச்சி ரேடியோ அலைகளாகக் கிளம்புகிறது. விளக்குக்குப் போகும் வயரே ஏரியல் போல் ஆகி, அந்த அலைகளை வீசுகிறது. பக்கத்திலேயே வயர்லெஸ் ஏரியல் நிற்கிறது. தூரத்துக் கண்ட்ரோல் அறையின் மெல்லிய குரல், இந்த இரைச்சலில் அமுங்கிப்போகிறது.

நம் கண்ணுக்குத் தெரியும் மின்னல் நொடிக்கு 2 முதல் 4 தடவைதான். அதுதான் விதி. அதனால் தொல்லை இல்லை. கண்ணுக்குத் தெரியாத லட்சம் தடவையால்தான் தொல்லை!

40 எங்கே, 30 எங்கே?

இந்தச் சண்டை புதிது அல்ல. ஜெர்மன் விஞ்ஞானி ஹெர்ட்ஸ் 1880-களில் ரேடியோ அலைகளைக் கண்டுபிடித்ததே மின்பொறியின் உதவியால்தான். கார் என்ஜினின் ஸ்பார்க் பிளக்கிலும் பொறி பறக்கிறது. வாசலில் மோட்டார் சைக்கிள் போனால் வீட்டு ரேடியோ "கொர்ர்" என்று கத்திய காலம் பெரியவர்களுக்கு நினைவு இருக்கும்.

இதற்கு ஒரு வழி காண, 1934-ம் ஆண்டு பாரீஸ் நகரில் சர்வதேசக் கமிட்டி ஒன்று கூடியது. அதன் சுருக்கப் பெயர் "சிஸ்பர்". பின்னர் 1969-ம் ஆண்டு வாகனங்களுக்கு என்று ஐக்கிய நாட்டு விதி வந்தது. அது 10-ம் எண் விதி. நம் நாட்டில் ஏ.ஐ.எஸ்.004 என்ற விதியின் 3-ம் பகுதி இதே வேலையைச் செய்கிறது.

10-ம் விதி இரண்டு கட்டளைகள் இடுகிறது. முதலாவது, வண்டி மற்றவர்களுக்குத் தொல்லை தரக் கூடாது. வண்டியில் இருந்து 10 மீட்டர் தள்ளி ஏரியலை வைத்து அளக்கிறார்கள். 30 முதல் 75 மெகாஹெர்ட்ஸ் வரை, மீட்டருக்கு 40 மைக்ரோ வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. மைக்ரோ வோல்ட் என்றால் ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு!

இரண்டாவது, மற்றவர்கள் தரும் தொல்லையை வண்டி தாங்க வேண்டும். எவ்வளவு? மீட்டருக்கு 30 வோல்ட்! தான் போடும் சத்தத்தைவிட ஏழரை லட்சம் மடங்கு சத்தத்தைத் தாங்க வேண்டும். மாமியார் வீட்டில் புது மருமகளுக்குக்கூட இவ்வளவு கட்டுப்பாடு இருக்காது!

சட்டத்தில் ஓர் ஓட்டை

இவ்வளவு கடுமையான விதி இருந்தும் ஆம்புலன்ஸ் டிரைவருக்கு ஏன் கேட்கவில்லை?

10-ம் விதி முக்கியமாக அடுத்த வீட்டுக்காரரின் தூக்கத்தைக் காக்கிற விதி. சொந்த வீட்டில் இருப்பவரின் தூக்கத்துக்கு அது பொறுப்பு இல்லை. அதாவது, தள்ளி இருக்கும் ரேடியோவுக்குப் பாதுகாப்பு உண்டு. அதே வண்டியின் கூரையில், விளக்கில் இருந்து இரண்டு முழம் தள்ளி நிற்கும் ஏரியலுக்கு அது போதாது!

சொந்த வண்டியின் ரேடியோவைக் காப்பாற்றத் தனித் தரம் இருக்கிறது. அதன் பெயர் "சிஸ்பர் 25". 1995-ல் வெளிவந்தது. அதில் 5 வகுப்புகள் உண்டு. 5-ம் வகுப்பு மிகக் கடுமையானது.

ஆகவே, விளக்கின் மேல் வட்டத்துக்குள் ஆங்கில "ஈ" எழுத்து முத்திரை இருப்பதைப் பார்த்து மட்டும் வாங்கினால் போதாது. "சிஸ்பர் 25-ல் எத்தனையாவது வகுப்பு?" என்றும் கேட்க வேண்டும். அந்த விளக்குக்குள் கம்பிச் சுருளும், மின்தேக்கிகளும், உலோக உறையும் வைத்து இரைச்சலை அடக்கி இருப்பார்கள். காசு மிச்சம் பிடிக்க நினைக்கும் தயாரிப்பாளர் முதலில் கழற்றுவது இவற்றைத்தான். விளக்கு அப்போதும் பளிச்சென்று எரியும். கடையில் குறை எதுவும் தெரியாது.

நீங்களே சோதிக்கலாம்

வீட்டில் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தால் மீடியம் வேவில் வையுங்கள். நிலையம் எதுவும் இல்லாத இடத்துக்கு முள்ளைத் திருப்புங்கள். பிறகு எரிகிற எல்.இ.டி. பல்புக்கு அருகே கொண்டு செல்லுங்கள். சில பல்புகள் சும்மா இருக்கும். சில பல்புகள் "ர்ர்ர்" என்று உறுமும்!

வண்டியில் இருப்பவர்களுக்கு, அமெரிக்கக் கடலோரக் காவல் படை சொன்ன சோதனை உண்டு. விளக்கை அணைத்துவிட்டு, வயர்லெஸ்சை யாரும் பேசாத சேனலில் வைக்க வேண்டும். இரைச்சலை அடக்கும் திருகை, இரைச்சல் நிற்கிற அந்த ஓரத்தில் நிறுத்த வேண்டும். இப்போது விளக்கைப் போட வேண்டும். இரைச்சல் மீண்டும் கிளம்பினால், குற்றவாளி விளக்குதான்!

புதிய டிஜிட்டல் வயர்லெஸ்சில் இந்தச் சோதனை செல்லாது. அதில் இரைச்சல் கேட்காது. பேச்சு துண்டு துண்டாகி, சட்டென்று நின்றுபோகும். "யாரும் கூப்பிடவில்லை" என்று டிரைவர் நினைத்துக் கொள்வார். அப்படிப்பட்ட வண்டியை, அலை மெலிந்து வருகிற ஊர் எல்லைக்கு ஓட்டிச் சென்று நிறுத்தி, விளக்கை ஒரு தடவை போட்டும் ஒரு தடவை அணைத்தும் கண்ட்ரோல் அறையோடு பேசிப் பார்க்க வேண்டும்.